பழைய செம்பு பாய்லரைச் சோதித்து வாங்கிய அனுபவம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, கடலூரில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. மூட்டுவலியால் அவதிப்படும் அம்மாவுக்கு, இருந்த ஒரே சிலிண்டரில் வெந்நீர் வைத்தோம். 2011-இல் தானே புயலின்போதும் இப்படித்தான் திண்டாடினோம். அதனால் கரியும் கொட்டாங்குச்சியும் போட்டு எரிக்கும் பழைய செம்பு பாய்லர் ஒன்றைத் தேடி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இடிக்கவிருந்த ஒரு வீட்டில் கண்டேன்.

புளி போட்டுத் துலக்கியிருந்ததால் வெளிப்புறம் மின்னியது. ஆனால் பாய்லரின் ஆயுள் நெருப்பு எரியும் நடுக்குழாயிலும், அதன் பற்றுகளிலும், அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்புகளிலும்தான் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, குழாய்க்குள் கைப்பேசி விளக்கை இறக்கி, தண்ணீர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓட்டை இருந்தால் ஒளி தெரியும், எங்கும் தெரியவில்லை. குழாயின் அடியில் மட்டும் பச்சைக் களிம்பு ஒரு கோடாகப் படிந்திருந்தது. அது என்னை உறுத்தியதால், வீட்டாரின் அனுமதியோடு மாலையில் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது தாள் நனைந்திருந்தது.

அந்த இடத்தில் முன்பு யாரோ ஈயத்தால் பற்று வைத்திருக்கிறார்கள். செம்பு உருக ஏறத்தாழ 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றோ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். தண்ணீர் நிற்கும் வரை பற்று அந்தச் சூட்டை எட்டாது, வெறும் பாய்லரில் தீ மூட்டினால் எட்டிவிடும். காரீயம் இருப்பதால் அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்பதையும் வீட்டில் சொல்லி வைத்தேன்.

எடைக்குத்தான் விலை என்றார்கள். உள்ளே ஏடாகப் படிந்திருந்த உப்பையும் செம்பின் விலைக்கு வாங்க மனமில்லாமல், அதைத் தட்டி எடுத்த பிறகு நிறுக்கச் சொன்னேன். பற்றுக் கூலியைக் கழித்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்கள். பட்டறையில் பழைய ஈயத்தைச் சுரண்டிவிட்டுப் பித்தளையால் பற்று வைத்த பின், மறுபடியும் ஓர் இரவு தண்ணீர் நிரப்பி வைத்தேன். தாள் காய்ந்தே இருந்தது.

எரிபொருள் பற்றிப் பேசியபோது, நெய்வேலி லெக்கோ கட்டிகளை அடுப்பில் போட்ட காலத்தை அம்மா நினைவுகூர்ந்தார். லெக்கோ, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்திச் செய்த கரி. வெட்டியெடுத்தபடியே இருக்கும் பழுப்பு நிலக்கரியில் எடையில் பாதியளவு ஈரம் இருப்பதால் புகை மிகும், அதை நான் போடுவதில்லை.

பாய்லரைக் கொல்லைப்புறத்தில் திறந்த வெளியில் வைத்திருக்கிறோம். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. குளியலறைக்குள் கொண்டுபோக யாரையும் விடமாட்டேன். 20 லிட்டர் தண்ணீர் குளிக்கும் சூட்டுக்கு வர அரைக் கிலோ கொட்டாங்குச்சி போதுமானதாக இருக்கிறது. தண்ணீர் விளிம்பு வரை நின்றதைப் பார்த்த பிறகே அம்மா தீக்குச்சியை உரசுகிறார்.