ஒற்றைத் தலைவலியும் தினக்குறிப்பும்

ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் உணவுகளின் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடாமல், வலி தொடங்கிய நேரம், முந்தைய இரவின் தூக்கம், தவறவிட்ட வேளை உணவு, குடித்த காபி, மாதவிடாய் நாள் ஆகியவற்றை நாள்தோறும் எழுதி வந்ததே எனக்குத் தெளிவைத் தந்தது. சாக்லேட்டைப் பலரும் குறை சொல்கிறார்கள். ஆனால் வலிக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாள்களோ முன்பே மூளையில் தொடங்கிவிடும் மாற்றங்களால் கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் இனிப்பின்மீது ஆசையும் தோன்றக்கூடும் என்பதால், அந்த ஆசை வலியின் காரணமாக இல்லாமல் முன்னறிகுறியாகவே இருக்கலாம். என் குறிப்பேட்டில் திரும்பத் திரும்பத் தென்பட்டவை விரத நாள்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதமாக எழுந்து காபியைத் தள்ளிப்போட்ட காலைகளுமே. மாத்திரை எடுத்த நாள்களையும் அவசியம் குறித்து வையுங்கள். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்துவந்தால் அவையே தலைவலியை உண்டாக்கக்கூடும், அந்நிலையில் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.