மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையில் கழன்ற ஆக்சிஜன் சென்சார்

என்ஜின் புகை வெளியேறும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் துருவோடு துருவாக இறுகிக் கிடந்த, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சார், நேற்று மாலை, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையின் முடிவில், மரை அழியாமல் என் கைக்கு வந்தது. வண்டி அப்பா வாங்கிய 2005 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே இத்தனை ஆண்டுகளும் வெயிலிலும் காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்றிலும் நின்றது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது பம்பர் வரை தண்ணீரிலும் நின்றது. இதன் அடியில் எந்த போல்ட்டும் முதல் முறுக்கிலேயே இளகாது என்று தெரிந்துதான் இறங்கினேன். ஆனாலும் ஒரு சென்சாருக்கு மூன்று வாரம் ஆகும் என்று எண்ணவில்லை.

லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி பத்துக்கு இறங்கியது. சைலன்சர் வாயில் விரலை விட்டால் மை அப்பியது, நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் கரி படிந்திருந்தன. எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியவே இல்லை. வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து சொல்லும் ஓபிடி-2 முறை நம் நாட்டில் கட்டாயமானது 2013-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய இந்த வண்டியில் மலிவான புளூடூத் ஸ்கேனரைச் செருகி விவரம் கேட்க முடியாது. மல்டிமீட்டரை நம்பித்தான் ஆக வேண்டும்.

சிக்னல் கம்பியில் குண்டூசியைப் பின்பக்கமாகச் செருகி, என்ஜினை நன்றாகச் சூடேற்றி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து அளந்தேன். நல்ல சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும்; இதுவோ 0.12-க்கும் 0.18-க்கும் நடுவில் படுத்துக் கிடந்தது. சென்சார் இப்படிச் சொன்னால், பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மேலும் மேலும் ஊற்றும். மைலேஜ் போனதற்கும் கரி படிந்ததற்கும் காரணம் அதுதான். இந்த இடத்தில் உடனே கடைக்கு ஓடிவிடக் கூடாது. சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டில் எங்காவது கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் மீட்டர் இதே எண்ணைத்தான் காட்டும். அதனால் காலையில் என்ஜின் குளிர்ந்திருந்தபோதே கிளப்பி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. பிறகு, எரிபொருள் கூடினால் சென்சார் உணர்கிறதா என்று பார்க்க, காற்றுக் குழாயில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது பீய்ச்சினேன். சென்சார் நன்றாக இருந்தால் மீட்டர் 0.8-ஐத் தாண்டியிருக்க வேண்டும், ஆனால் 0.3-ஐக்கூட எட்டவில்லை. அதன் பிறகே சென்சார்தான் செத்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிறு முழுவதும் ஸ்லாட் சாக்கெட்டோடு போயிற்று. கம்பி வெளியே வருவதற்காகப் பக்கவாட்டில் பிளந்திருக்கும் 22 மில்லிமீட்டர் சாக்கெட் அது. முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தேன். அரை இஞ்ச் கைப்பிடியில் இரண்டடிப் பைப்பைச் சொருகி அழுத்தியபோது சென்சார் அசையவில்லை. சாக்கெட்டின் வாய்தான் மெல்ல விரிந்தது. அறுகோணத்தின் மூலைகள் மழுங்கத் தொடங்குவதைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். அந்த வகைச் சாக்கெட் புதிய சென்சாரைப் பொருத்த மிக நல்லது, ஆனால் துருப்பிடித்ததைக் கழற்ற உதவாது என்பதே என் உறுதியான கருத்து. பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. அதன் கம்பியை வெட்டிவிட்டு, வாய் மூடிய ஆறுபட்டை டீப் சாக்கெட்டை மேலிருந்து மாட்டுவதே சரி. புதிய சென்சார் கைக்கு வந்த பிறகு வெட்டினால் போதும்.

இரண்டாம் ஞாயிறு அப்படியே செய்தும் அது இளகவில்லை. இன்னும் பலமாக முறுக்கினால் சென்சார் கழுத்தோடு முறிந்து மரை உள்ளேயே தங்கிவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. அன்று மாலை தெருமுனை லேத் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். பட்டறைக்காரர் கையிலிருந்த வேலையை நிறுத்தாமலேயே, "தம்பி, அத்த சும்மா முறுக்காத. சூடு காட்டு, மெழுகு வை, அப்புறம் கைய வை" என்றார்.

நேற்று அதைத்தான் செய்தேன். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் குழாய் போகும் பக்கத்தில் நனைத்த சாக்கைப் போர்த்தி, தீயணைப்பான் உருளையைக் காலடியில் வைத்துக்கொண்டேன். சிறிய கேஸ் டார்ச்சின் சுடரைச் சென்சாரின் மேல் காட்டாமல், அது இறங்கியிருக்கும் மேனிஃபோல்டின் தடித்த விளிம்பைச் சுற்றியே நான்கைந்து நிமிடம் காட்டினேன். விளிம்பு விரிந்து சென்சார் அந்த அளவுக்கு விரியாமல் இருந்தால்தான் நடுவிலுள்ள துரு உடையும். டார்ச்சை அணைத்து, சூடு சற்றே தணிந்ததும், வீட்டில் மின்வெட்டுக்காக வைத்திருந்த சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் வைத்தேன். மெழுகு உருகி ஒரு வளையமாக ஓடி நின்றது. அடுத்த நொடி அந்த வளையம் மரைக்குள் இழுக்கப்பட்டு மறைந்துவிட்டது. எண்ணெய் ஒரு வாரத்தில் எட்டாத ஆழத்துக்கு மெழுகு இறங்கியதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

சூடு காட்டுவதும் மெழுகு வைப்பதுமாக மூன்று முறை செய்த பிறகு சாக்கெட்டை மாட்டினேன். கழற்றும் திசையில் அல்ல, முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு தட்டு; பிறகு கழற்றும் திசையில் சீரான அழுத்தம். கிறீச்சென்ற ஒரு சத்தத்தோடு கால் சுற்று வந்தது. அங்கே ஆசைப்பட்டுத் தொடர்ந்து கழற்றினால் துருத்தூள் மரையில் சிக்கி இரண்டையும் கெடுத்துவிடும். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடியும் மெழுகு என்று முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததன் முனையில் உலர்ந்த கரி கனமாகப் படிந்திருந்தது. மேனிஃபோல்டில் முதல் இரண்டு மரைகள் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தன. லேத் பட்டறையிலேயே 18-க்கு 1.5 மில்லிமீட்டர் அளவில் மரை வெட்டும் டேப்பை இரவல் வாங்கி, அதன் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் அப்பி, தூள் உள்ளே விழாதபடி கையாலேயே மெல்ல ஓட்டிச் சுத்தம் செய்தேன்.

புதிய சென்சாரை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினேன். பழைய உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டையை விட்டால் வேறு இடம் இல்லை. என் கதவுக் கைப்பிடியும் ஹெட்லைட்டும் அங்கே வாங்கியவைதான். ஆனால் ஆக்சிஜன் சென்சாரைப் பழையதாக வாங்காதீர்கள். இன்னொரு வண்டியில் தேய்ந்து முடிந்ததை நாம் காசு கொடுத்து வாங்கி வந்து மாட்டுவதாகத்தான் அது முடியும். நேரடியாகப் பொருந்தும் பிளக் வைத்தது 3,400 ரூபாய், கம்பியை நாமே இணைக்க வேண்டிய பொதுவகை 1,850 ரூபாய் என்றார்கள். என் பழைய பிளக் நன்றாக இருந்ததால் பொதுவகையையே எடுத்தேன்.

இணைக்கும்போது ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை இந்தச் சென்சார் கம்பி இழைகளின் இடைவெளி வழியாகத்தான் உள்ளே இழுக்கிறது. ஈயமும் பசையும் அந்த வழியை அடைத்துவிடும். அதனால் கிரிம்ப் செய்து, அதாவது சிறு உலோகக் குழலில் வைத்து நசுக்கி, மேலே சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். எனக்குக் கிடைத்ததில் வெள்ளைக் கம்பிகள் இரண்டும் சென்சாரைச் சூடேற்றும் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் நிறம் எர்த்துக்கு. மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பேஸ்ட் ஏற்கெனவே பூசியே வந்திருந்தது, முனையில் அது படாமல் பார்த்துக்கொண்டேன். இறுக்க 45 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். அதற்கு மேல் இறுக்கினால் அடுத்த முறை கழற்றப்போகிறவருக்கு இதே பாடுதான்.

இரவு எட்டு மணிக்கு மீட்டரை வைத்தேன். 0.15, 0.82, 0.2, 0.78 என்று எண்கள் நிற்காமல் ஓடுவதைப் பத்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து, எண்ணெய் கசியும் டாப்பெட் கவருக்கு, அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு, கேஸ்கெட் மாற்ற வேண்டும். அதற்குச் சென்சாரைக் கெடுக்காத வகை சிலிகான் பசையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஏனெனில் சாதாரணப் பசையின் ஆவி என்ஜினுக்குள் போய் எரிந்தால் இந்தப் புதிய சென்சாரின் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைப் பாழாக்கிவிடும். அதற்குள் இதில் ஒரு வேலை மீதமிருக்கிறது. கம்பியைத் தாங்கும் கிளிப் கழற்றும்போது உடைந்துவிட்டது. இப்போதைக்கு ஒரு இரும்புக் கம்பியால் மேனிஃபோல்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிக் கட்டியிருக்கிறேன்.