ஏழெழுத்துச் சிகரம்

ஜனவரி 9, வியாழன்

கண் அறுவைக்குப் பிறகு அப்பாவுக்கு இன்றும் குப்புறப் படுக்கை. விழித்திரை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயு விட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடமாவது முகம் தரையைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் வரவுப் பதிவேட்டில், பேர் போட்ட அதே கண்டிப்போடு அப்பா கடைப்பிடிக்கிறார். சோறு ஊட்டும்போதும் தலை நிமிரவில்லை. மீதிப் பத்து நிமிடத்தைக்கூட வேண்டாம் என்கிறார்.

ஜனவரி 10, வெள்ளி

மற்றக் கண் எப்போது போனது என்று சித்தி கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பத்திரிகை மழையோடு வந்தது. நடுத்தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. குறுக்கெழுத்துப் போட்டி அதில்தான். மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்தேன். ‘மேலிருந்து கீழ்’ பத்தியின் வலது ஓரத்தில் மட்டும் மை கரைந்து பரவிவிட்டது. மற்றதெல்லாம் வாசிக்கலாம்.

ஒன்பதுக்கு ஒன்பது. கறுப்புக் கட்டங்கள் எவை என்று வரிசை வரிசையாக ஒரு தடவை சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு தாளில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்கவே இல்லை. எல்லாம் உள்ளே ஏறிவிட்டது. நான் கேள்வியை வாசிக்கிறேன், தலையணைக்குள்ளிருந்து பதில் வருகிறது. “ஏழில் மூன்றாவது என்ன?” என்றார். “ங்” என்றேன். “அப்படியானால் அடுத்தது ககர வரிசைதான். க, கா, கி என்று போட்டுக்கொண்டே போ.” கடைசிக் கட்டத்தில் ‘ற்’ விழுந்த ஒரு சொல்லை உடனே தள்ளினார். தமிழ்ச் சொல் வல்லின ஒற்றில் முடியாது. இந்த ஒற்று விதிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தேன். இன்று அவை அப்பாவின் கைத்தடியாக இருப்பதைப் பார்க்கிறேன்.

மாலைக்குள் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது. மூன்று மணி நேரமாகக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரும் பேசவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை)

14, இடமிருந்து வலம்: ‘மலையகத்தின் முடி’. ஏழெழுத்து.

“பிதுருதலாகல. 2524 மீற்றர். எழுது” என்றார். எழுதினேன். கடைசிக் கட்டத்தில் ‘ல’. அங்கிருந்து கீழே இறங்கும் மூன்றெழுத்து: ‘தாளத்திலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு’. லயம்! தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடும் லயம்தானே. மூன்றாவது கட்டத்தில் ‘ரு’. அதை நடுவில் வைத்த சொல்: ‘இரவும் பகலும் ஓயாத வாய்’. அருவி. எல்லாம் பொருந்திவிட்டது. இந்தக் கேள்விகளைச் செய்தவர் யாரென்று தெரியாது, ஆனால் லயத்துக்கு அந்தக் குறிப்பை எழுதியவர் கையைப் பிடித்து வாழ்த்த வேண்டும்.

சாப்பாடு முடிந்து படுத்தவர் திடீரென்று கேட்டார்: “மகள், சிவனொளிபாதத்துக்கும் ஏழெழுத்துத்தானே?”

சி, வ, னொ, ளி, பா, த, ம். ஏழு.

“புள்ளியில் சொல் தொடங்காதே அப்பா. லயத்துக்கு ‘ல’ வேண்டும்.”

“கீழிருந்து மேலே எழுதினால்?”

நம் பத்திரிகைகளில் அப்படியும் வரும். கேள்விக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘தலைகீழ்’ என்று போட்டிருப்பார்கள். லயத்தைத் தலைகீழாக எழுதினால் ‘ம்’ மேலே வந்து பாதத்தின் ஈற்றில் உட்கார்ந்துகொள்கிறது. அடைப்பு இருந்திருந்தால், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் மை கரைந்திருக்கிறது.

நடுவில் ‘னொ’ வருகிற மூன்றெழுத்துக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார். வானொலி. ஓயாத வாய்.

மற்ற ஐந்து கட்டங்களை எந்தச் சொல்லும் வெட்டவில்லை. இரண்டு மலைகளும் அப்படியே நிற்கின்றன. இன்று பௌர்ணமி. சிவனொளிபாதத்தின் 2243 மீற்றர் உயரத்துக்கு இந்த இரவு எத்தனை பேர் ஏறிக்கொண்டிருப்பார்கள்!

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சித்தி வாசலில் வைத்தார். அப்பா குப்புறப் படுத்தபடியே “பொங்கிவிட்டதா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

தம்பி தலவாக்கலையிலிருந்து தொலைபேசியில் வந்தான். எப்போது வருகிறீர்கள் என்ற அதே கேள்வி. அப்பாவும் அதைத்தான் கேட்கிறார். நாங்கள் இப்போது இருக்கும் கண்டி 500 மீற்றர், தலவாக்கலையில் எங்கள் வீடு 1200. மலை ஏற ஏற வெளியில் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் விட்டிருக்கும் வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் எகிறிப் பார்வை நரம்பை நசுக்கும். நுவரெலியாக் கடைகளில் சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பிக்கொண்டு நிற்பதைத் தம்பிக்கு நினைவுபடுத்தினேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. வாயு கரைந்து முடியும்வரை ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அது எந்த நாள் என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

தம்பி வீட்டிலும் அதே பத்திரிகை இருக்கிறது. ஒரு படம் அனுப்பச் சொன்னால் அடைப்பு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அப்பா கூடாது என்றார். “கேட்டு எழுதுவதற்கு எதற்குப் போட்டி?” இந்த வீறாப்புத்தான் எனக்கு வேண்டும். அவர் அழுத்தமாக ‘கூடாது’ என்று சொல்லி நாளாகிவிட்டது.

இரவு தூக்கம் வராமல் தேடி வாசித்தேன். 1996 நவம்பர் 5, அமெரிக்கத் தேர்தல் நாள். அன்றைய நியூயோர்க் டைம்ஸ் குறுக்கெழுத்தில், வெற்றி பெற்றவர் பெயர் கிளின்டன் என்று எழுதினாலும் சரி, பொப் டோல் என்று எழுதினாலும் சரி, வெட்டும் சொற்கள் எல்லாம் பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டும் ஏழெழுத்து. செய்தவர் ஜெரமையா ஃபரல் என்ற கணிதப் பேராசிரியர். அவர் வேண்டுமென்றே செய்தார். எங்களுக்கு மழை செய்து கொடுத்திருக்கிறது. காலையில் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 15, புதன்

இன்று தபாலில் சேர்க்காவிட்டால் இல்லை. இரண்டு நாளாக விடுமுறை, தபாற்கந்தோரில் வரிசை இருக்கும்.

தாளை ஜன்னலில் ஒட்டிப் பிடித்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். பின்பக்கத்து மரண அறிவித்தல் தெரிகிறது. கேள்வியின் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. ‘ழ்’ என்பதன் தலைப் புள்ளியா, வாக்கியத்தின் முற்றுப்புள்ளியா? கொஞ்சம் உயரத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. அப்பாவிடம் சொன்னேன்.

“புள்ளியை விடு. அருவி ஓயாது என்று எவன் சொன்னான்? மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிய பிறகு சென் கிளேயர் அருவி எப்படி இளைத்துப் போனது! வாய் என்றால் பேச வேண்டும். இந்த நாட்டில் 1925 டிசம்பர் 16 முதல் பேசிக்கொண்டிருப்பது வானொலி. சிவனொளிபாதம். எழுது.”

“உயரத்தில் பிதுருதலாகலதானே அப்பா முடி?”

“உயரம் அளந்தா மனிதன் கும்பிடுகிறான்?”

இரண்டு கூப்பன் அனுப்பலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அழித்து எழுதி, ஒட்டி, சேர்த்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

ஆஸ்பத்திரி. விழித்திரை ஒட்டியிருக்கிறது என்றார்கள். ஒட்டியிருக்கிறது! நடைபாதையில் ஓரமாக நின்று சித்திக்குச் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லும்போது குரல் வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

மேல் பாதி கொஞ்சம் தெளிகிறதாம். நடுவில் ஒரு கோடு, தலையை அசைத்தால் அதுவும் ஆடுகிறதாம், அதற்குக் கீழே கலங்கல். வாயு குறையக் குறையக் கோடு கீழே இறங்கும். காலையில் என் மூக்கை வெட்டியது, மாலையில் வாயை வெட்டுகிறது என்கிறார். நான் எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 18, சனி

எரிச்சல். சொட்டு மருந்து நேரத்துக்கு என்னோடு சண்டை. வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

பத்திரிகை நனையவில்லை. போன வார விடை இன்று இல்லை, அடுத்த ஞாயிறுதான்.

இந்த வாரம் கடுமையாக இருக்கிறது. 8, மேலிருந்து கீழ்: ‘திடீரென்று வரும்’. ஐந்தெழுத்து. இரண்டாவதும் மூன்றாவதும் புள்ளி. அடுத்தடுத்து இரண்டு புள்ளி என்றால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றுதான். அப்பா ‘பாய்ச்சல்’ என்கிறார். நான் ‘காய்ச்சல்’ என்கிறேன். முதல் எழுத்தை வெட்டும் சொல் இன்னும் பிடிபடவில்லை.