ஒன்றும் ஆகாதுங்கம்மா

"ஒன்றும் ஆகாதுங்களே கண்ணு?"

கோபியிலிருந்து ஈரோடு வரும் பஸ், கவுந்தப்பாடி தாண்டியிருந்தது. (ஊரையும் உறவையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஓர் அம்மாவோடு பேசி வைத்த பயிற்சி இதுதான்: கேஸ் ரெகுலேட்டரை ஒரே முறை மூட வேண்டும். திரும்பிப் பார்க்காமல், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். பாதி வழியில் அழைத்தார். பதற்றம் எவ்வளவு என்று கேட்டேன். 100க்கு 90 என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது: "ஆகலாம், ஆகாமலும் போகலாம். அந்தச் சந்தேகத்தை மடியில் வைத்துக்கொண்டே ஈரோடு வரை வாருங்கள்." சொன்னது: "ஒன்றும் ஆகாதுங்கம்மா."

ஓ.சி.டி. என்பது, விடாமல் துரத்தும் ஒரு பயத்தைத் தணிக்க ஒரே செயலைச் சடங்குபோலத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். அதன் சிகிச்சையில் இது பிழை. ரெகுலேட்டரைக் கையால் தொட்டுப் பார்ப்பதும், 'ஆகாது' என்று இன்னொருவர் வாயால் கேட்டுக்கொள்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அப்போதைக்குப் பதற்றம் தணியும், அடுத்த முறை இன்னும் அவசரமாகக் கேட்கத் தோன்றும். எதுவும் செய்யாமலேயே பதற்றம் இறங்கும், இறங்காவிட்டாலும் தாங்க முடியும் என்று அவர் கண்டுகொள்ளும் வாய்ப்பை நான் பிடுங்கிவிட்டேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

ஆனால் அம்மா வயதுக்காரர் "கண்ணு" என்று கேட்கும்போது, அவர் வீடு எரியலாம் என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம், சடங்கைச் செய்யாமல் பதற்றத்தோடு இருக்கப் பழக்கும் இந்த முறையைச் செய்து பார்த்தபோது, செவிலியர்கள் கூடவே இருந்து சடங்குகளைத் தடுத்தார்கள். எனக்கிருந்தது விட்டு விட்டுக் கேட்கும் ஒரு போன். சாக்குத்தான். தெரிகிறது.

அடுத்த வாரம் பூரிப்போடு வந்தார். "ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லைங்க." எப்படி முடிந்தது என்றேன். "நீங்கள் சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பதினோரு தடவை. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடியும் முதலிலிருந்து."

என் வாக்கியமே சடங்காகிவிட்டது. ஓ.சி.டி.யின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் மனச்சடங்குக்கும் மதிப்பெண் உண்டு. முதலில் 40க்கு 28 இருந்தது, அன்று 26. அந்த இரண்டு புள்ளிக்குள்தான், இரண்டு வருடமாகப் போகாத பெருந்துறை மகள் வீட்டில் அவர் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்ததும் அடங்கியிருந்தது. பேத்திக்குத் தலை பின்னிவிட்டாராம். அதைக் கேட்டபோதே வாயை மூடிக்கொண்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. மூடியிருந்தால் பதினொன்று இருபத்திரண்டாகியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

"அன்று நான் தெரிந்து சொல்லவில்லைங்கம்மா. உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "தெரியாமலா கண்ணு அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்?"

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தப் பழகினார். 'ஆகலாம்' என்று தானே எழுதி, உரக்கப் படித்தார். மதிப்பெண்ணும் இறங்கிக்கொண்டு வருகிறது.

இப்போதெல்லாம் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.