கத்தரித்த மூலைகள்

பன்னிரண்டு வயதில் எனக்கு ஸ்டாம்புப் பைத்தியம். தகரப் பெட்டியில் தாத்தா பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் உறைகளோடு அடுக்கியிருந்தன. ஒரே மதியத்தில் முப்பத்தேழு உறைகளின் மூலைகளைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்புகளை உரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது அந்தக் கடிதங்களைக் காலவரிசையில் வைக்கப் பார்க்கிறேன். தாத்தா தேதி போடுவதில் மகா கஞ்சர். "வியாழன் மாலை" என்று தொடங்குவார், அவ்வளவுதான். எந்த வருடத்து வியாழன்? அதைச் சொல்ல வேண்டிய தபால் முத்திரையைத்தான் நான் வெட்டி வைத்திருக்கிறேன். உறையில் மிஞ்சியிருப்பது மங்கிய அரைவட்டமும் ஊர்ப்பெயரின் வாலும்.

உறை என்பதே ஒரு காலத்தில் வீண்செலவு. பிரிட்டனில் 1840-க்கு முன்பு தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் கட்டணம். உறையும் ஒரு தாளாகக் கணக்கில் ஏறும். ஆகவே எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் விலாசம் எழுதினார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் பணம் கொடுக்க வேண்டும். நெதர்லாந்தின் ஹேக் நகரில் சிமோன் தெ பிரியென் என்ற அஞ்சல் அதிகாரி, உரியவர் கைக்குப் போய்ச் சேராத சுமார் 2,600 கடிதங்களை ஒரு பெட்டியில் சேர்த்துவைத்திருந்தார். என்றைக்காவது யாராவது வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்ற நப்பாசை. அவற்றில் பல நூறு கடிதங்கள் இன்றுவரை பிரிக்கப்படவே இல்லை. அப்படி ஒன்றை 2021-இல் எக்ஸ்ரே கருவியால், மடிப்பைக்கூடக் கலைக்காமல் வாசித்தார்கள். 1697 ஜூலை 31 அன்று ஒருவர் தன் உறவினரிடம் இறப்புச் சான்றின் நகல் கேட்டு எழுதியது. மகத்தான ரகசியம் ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

முந்நூறு வருடமாக ஒரு மடிப்பைப் பிரிக்காமல் காத்திருக்கிறார்கள். என் கையில் கத்தரிக்கோல் அரை நாள் இருந்தது.

ஆவணக் காப்பகங்களில் உறையைக் கடிதத்தோடே வைத்து, இரண்டிலும் மென்மையான பென்சிலால் ஒரே எண்ணைக் குறிப்பார்கள், பிரிந்தாலும் சேர்த்துவிடலாம். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆல்பத்திலிருந்து ஒவ்வொரு ஸ்டாம்பாக எடுத்து உறையின் வெட்டுவாயில் வைத்து, முத்திரையின் வளைவு வளைவோடு சேர்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன். மூலைத்தாள் குப்பைக்குப் போய்விட்டதால் நடுவில் எப்போதும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது.

இதுவரை நான்கு பொருந்தியிருக்கின்றன.