உரிக்க மறந்த தமாலே

டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கு வேலை மாற்றலாகி வந்தபோது, ஆங்கிலம் தெரிந்திருந்தால் காலம் தள்ளிவிடலாம் என்றே நம்பியிருந்தேன். 1836 வரை மெக்சிகோவின் ஆளுகையில் இருந்த இந்த ஊரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த ஹிஸ்பானிக் மக்கள் என்பது, காய்கறிக் கடை முதல் முடிதிருத்தகம் வரை எல்லோரும் என் மாநிறத்தையும் மீசையையும் பார்த்துவிட்டு ஸ்பானிஷிலேயே பேசத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. ஸ்பானிஷ் பேச வராத தம் இனத்துப் பிள்ளைகளை இங்கே, 'தெரியாது' என்பதைப் பிழையாகச் சொல்லும் 'நோ சாபோ' என்ற பெயரால் கேலி செய்வார்கள். தெரியாது என்று நான் கைவிரித்தபோதெல்லாம், தாய்மொழியை மறந்த பிள்ளை என்று என்னையும் அந்தக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்.

முதல் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி, அலுமினியத் தாளால் மூடிய தட்டுடன் வந்து நின்று, "தமாலெஸ்?" என்றார். எந்த மொழிக்காரன் என்று விசாரிக்கிறார் போலும் என்றெண்ணி, "ஆமாம், தமிழ்தான்" என்று பெருமையோடு தலையாட்டினேன். தட்டு என் கைக்கு மாறியது.

குடும்பமே கூடி உட்கார்ந்து, ஊறவைத்த மக்காச்சோளத் தோலில் மாவைத் தடவி, பன்றி இறைச்சிப் பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் பலகாரம் அது. டிசம்பர் வந்துவிட்டால் ஸ்பானிஷ் அறியாத ஆங்கிலக் குடும்பங்களும் டஜன் கணக்கில் சொல்லிவைத்து வாங்குகின்றன. கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டையை ஓலை நீக்கித் தின்று வளர்ந்த நான், பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றத்தில் தோலோடு கடித்து, நார் நாராக மென்று, "பிரமாதம்" என்றும் சொல்லிவைத்தேன். "ஆய், மிஹோ!" (ஐயோ, மகனே!) என்று அலறிய பாட்டி, குழந்தைக்கு வாழைப்பழம் உரிப்பதுபோல் அடுத்ததை உரித்துக் கொடுத்தார்.

அவருடைய மகன்தான் ஆறுதல் சொன்னார். 1976 ஏப்ரலில் வாக்குக் கேட்டு இதே ஊரின் பழைய கோட்டையான அலமோவுக்கு வந்த அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, தமாலேயை இப்படித்தான் தோலோடு கடித்துச் செய்தியாகிவிட்டாராம். அந்த ஆண்டுத் தேர்தலில் டெக்சாஸும் பதவியும் அவருக்குக் கைநழுவின; பழியை ஒரு தமாலேயின் மீது மட்டும் போடுவது நியாயமில்லைதான்.

மறு கிறிஸ்துமஸுக்கும் தட்டு வந்தது. பன்னிரண்டில் இரண்டு மட்டும் தோல் உரித்து, தனியே ஒரு கிண்ணத்தில் இருந்தன.