சிகாகோ எங்கள் ஊரான நாள்

சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் குடியேறி முதல் குளிர்காலம் கழியும்வரை, சிகாகோ என்றால் எங்களுக்கு விமான நிலையம் மட்டும்தான். ஜூன் பிறந்து மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டது. பரமக்குடியிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். எல்லோருமாக மெட்ரா மாடி ரயிலில் ஏறி யூனியன் ஸ்டேஷனில் இறங்கினோம்.

அங்கிருந்து வில்லிஸ் டவர் கூப்பிடு தூரம். 110 மாடிக் கட்டடத்தின் 103-ஆவது மாடியில், சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் ஓடிவிட்டாள். "நான் வரலம்மா, நீங்க பாருங்க" என்று அத்தை தள்ளியே நின்றுகொண்டார். மாமா பொதுப்பணித் துறையில் இருந்தவர். அவருடைய கவனமெல்லாம் கட்டுமானத்தின்மேல். ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியதுபோன்ற அமைப்பு அது. 50, 66, 90 மாடிகளில் சில சில நின்றுவிட, இரண்டு மட்டும் உச்சிவரை போகின்றன. இதை வகுத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்து, 1952-இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, பின்னாளில் இங்கேயே குடியேறியவர். மாமா அதைக் கேட்டு மறுபடியும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

பிறகு மில்லேனியம் பூங்கா. எல்லோரும் 'பீன்' என்றே சொல்லும் 'கிளவுட் கேட்', மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்தது. 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து இணைத்திருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தும் ஓர் இணைப்புக்கூடத் தட்டுப்படவில்லை. அடியில் போய் அண்ணாந்தால் நாங்கள் ஐந்து பேரும் ஐம்பது பேராகத் தெரிந்தோம்.

மகளுக்குப் பிடித்தது கிரவுன் நீரூற்றுதான். எதிரெதிரே ஐம்பதடி உயரத்தில் இரண்டு கண்ணாடிக்கல் கோபுரங்கள். அவற்றில் சிகாகோவாசிகளின் முகங்கள் மாறி மாறி ஒளிர்கின்றன. முகம் மெல்லக் கண் சிமிட்டும், உதட்டைக் குவிக்கும். தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்ததும் சுற்றியுள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் அடியில் முண்டியடிப்பார்கள். வாயிலிருந்து தண்ணீர் பீறிடும், ஒரே கூச்சல். எந்த நாட்டுப் பிள்ளை, என்ன மொழி என்று யாரும் கேட்கவில்லை. பள்ளியில் ஆறு மாதமாக வாய் திறக்காதிருந்த என் மகள், முன்பின் தெரியாத ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்கத்தான் நான் குளிர்காலம் முழுக்க ஏங்கியிருந்தேன்.

தெருவைக் கடந்தால் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். 1893 செப்டம்பர் 11-இல் விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவருக்குத் துணை நின்ற மன்னர் பாஸ்கர சேதுபதி எங்கள் ராமநாதபுரத்துக்காரர். 1897-இல் நாடு திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் கரை இறங்கியதையும், அங்கே குந்துகாலில் இருக்கும் நினைவு மண்டபத்தையும் மாமா பேத்திக்கு விவரமாகச் சொன்னார்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். வில்லிஸ் டவருக்கு மட்டும்தான் டிக்கெட் வாங்கினோம். பூங்காவில் காசே கிடையாது, அங்கேதான் அதிக நேரம் இருந்தோம்.